உன் நாற்காலியை நான்தான் கேட்டேன்

என் பிரிஸ்கா மக்கா,

நல்லா இருக்கியா என்று எழுதத்தான் கை போகிறது. நீ போய் ஒரு கிறிஸ்துமஸ் கழிந்துவிட்டது, செமஸ்டர் பரீட்சையும் கழிந்துவிட்டது, கைக்கு மட்டும் இன்னும் விவரம் எட்டவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் களைத்துப்போய்க் கிடக்கிறேன். இந்தக் கடிதத்தில் அழுகையைவிட அலுப்புதான் கூடுதலாக இருக்கும். இன்று மத்தியானம் மாணவர் பேரவைக் கூட்டத்தில் உன்னைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டோம். தீர்மானம் கொண்டுவந்தது துணைத் தலைவர். துணைத் தலைவர் யார்? நான்தான்.

இதை என்றைக்காவது வேறு ஆட்களும் வாசிக்கலாம். அவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

திருவனந்தபுரத்தில் நம்முடைய கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் தமிழில் சண்டை போட நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் இந்த ஊர்க் கரமனைக்காரி, வீட்டுக்குள் நாஞ்சில் நாட்டுத் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். நீ விழிஞ்ஞத்தில் மீன் விற்கிற அம்மாவின் மகள், குளச்சல் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நீ தலைவர் தேர்தலுக்கு நின்று வகுப்பு வகுப்பாகப் போனபோது உன் மலையாளத்தைக் கேட்டுப் பின்பெஞ்சிலிருந்து யாரோ, தமிழர்களை இங்கே கேலியாகக் கூப்பிடுகிற மாதிரி, ‘பாண்டி’ என்றான். “ஆமா, பாண்டிதான். ஹாஸ்டல் பைப்புல வெள்ளம் வரணுமா வேண்டாமா, அத மொதல்ல சொல்லு” என்று கேட்டாய். சிரித்தார்கள். சிரித்தவர்களே ஓட்டும் போட்டார்கள்.

இங்கே கட்சி கிடையாது, கொடி கிடையாது, கோஷம் கிடையாது. கூட்டம் ஜெபத்தோடு தொடங்கும், ஜெபத்தோடு முடியும். இடையில் கிடைக்கிற நேரம்தான் நமக்கு. அந்த நேரத்தில் நீ ஒரு ஆளை விட்டுவைக்கவில்லை. ஹாஸ்டல் தண்ணீர், லைப்ரரி நேரம், பெண்களுக்கு மட்டும் சீக்கிரமே பூட்டுகிற கேட், எல்லாவற்றுக்கும் சண்டை. செயலாளர் ஜோயல் உன்னோடு ஒத்துப்போன கூட்டம் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. நீங்கள் இரண்டு பேரும் கத்துவதைக் கேட்டு, மாணவர் நலனைப் பார்க்கிற ஃபாதர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அப்புறம் ஐப்பசி மழை வந்தது. காய்ச்சல் என்று லீவு போட்டாய். நாங்கள் வாட்ஸப்பில் கேலி செய்துகொண்டிருந்தோம். எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தபோது உனக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

உன் அடக்கம் முடிந்து நடந்த முதல் கூட்டத்தில் ஜோயல்தான் எழுந்தான். அழுதுகொண்டே சொன்னான், “இந்த வருஷம் பிரிஸ்காவின் கசேரையில் யாரும் இருக்கண்டா. அது அவளுக்குள்ளது.” உன் நாற்காலியைக் காலியாகவே விடலாம் என்று எல்லோரும் கை தூக்கினோம். நானும்தான். யார் தூக்காமல் இருப்பார்கள்? ஃபாதர் எழுந்து நின்று, இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல தீர்மானத்தை எந்தப் பேரவையும் போட்டதில்லை என்றார். நிர்வாகம் அன்றைக்கே சம்மதித்தது. தண்ணீர்த் தொட்டிக்கு நாம் எவ்வளவு நடந்தோம், ஞாபகம் இருக்கிறதா?

உன் நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்தோம், உன் படத்தை வைத்தோம். ஒவ்வொரு கூட்டத்திலும் நான்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவேன். ஜோயல் பெயர் கூப்பிடும்போது உன் பெயரையும் கூப்பிடுவான். எல்லோரும் சேர்ந்து ‘பிரசன்ட்’ என்போம். அப்புறம் ஜெபம், ஒரு பாட்டு. அதற்குப் பிறகு யாருக்காவது வாய் வருமா? உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட் பூட்டுகிற நேரத்தைப் பற்றி எப்படிச் சண்டை போடுவது? கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்துவிடுவோம். மக்கா, பேரவை மாதாமாதம் உனக்கு நினைவுக்கூட்டம் நடத்திக்கொண்டிருந்தது, வேறொன்றும் செய்யவில்லை. நீ இருந்திருந்தால் அந்தப் பாட்டுக்கு நடுவிலேயே எழுந்து கத்தியிருப்பாய்.

அப்படியே வருஷம் ஓடிப்போயிருக்கும், லிஜி இல்லாவிட்டால். உனக்கு அவளைத் தெரியாது. இரண்டாம் ஆண்டு, இடுக்கிக்காரி, குனிந்த தலை நிமிராதவள். ஹாஸ்டல் சோற்றில் புழு கிடந்த அன்றைக்கு அவள் தட்டை எடுத்துக்கொண்டுபோய் வார்டன் மேஜையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் தட்டை வைத்தார்கள். மறுநாள் அவளை மட்டும் சஸ்பெண்ட் செய்தார்கள்.

ஒழுங்கு விசாரணையில் மாணவர் பக்கமிருந்து ஒரே ஒரு ஆள் உட்காரலாம், தலைவர். துணைத் தலைவருக்கு அங்கே இடமில்லை. நான் ஃபாதரிடம் போய், உன் இடத்தில் நான் வரட்டுமா என்று கேட்டேன்.

“மோளே, அந்தக் கசேரை காலி இல்லல்லோ. அதில் பிரிஸ்கா இருக்காள். நீங்கள்தானே சொன்னது?” என்றார்.

கேலியாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மனுஷன் உண்மையாகவே நம்பிச் சொன்னார். திரும்பி வந்துவிட்டேன். லிஜி தனியாக உள்ளே போனாள். வெளியே வரும்போது, மற்றவர்களைத் தூண்டிவிட்டது தான்தான் என்று மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். “பயந்துபோயி, சேச்சி. எல்லாரும் ஒரே நேரம் கேள்வி கேட்டப்போ” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது விசாரணை நாளைக் காலை. அவளை வெளியே அனுப்புவதா வேண்டாமா என்று நாளைக்கு முடிவு செய்துவிடுவார்கள்.

அதனால்தான் உன் நாற்காலியைக் கேட்டேன்.

கேட்டதும் என்ன ஆயிற்று தெரியுமா? உயிரோடு இருந்தபோது உன்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாம் இப்போது உன் பக்தர்கள். எனக்குப் பதவி ஆசை என்று கேன்டீனில் பேச்சு. கூட இருந்தே குழி பறித்தேனாம். ஜோயல் முகத்துக்கு நேரேயே கேட்டான், “அவள் போயி ஒரு வருஷம் ஆகலை. உனக்கு என்ன இத்தனை அவசரம்?” அவனை என்னால் திட்டக்கூட முடியவில்லை, மக்கா. அவன் அழுதது பொய்யில்லை. வீட்டில் அப்பா, “நமக்கு எதுக்கு மக்களே இந்தப் பொல்லாப்பு? பரீட்சைய எழுதிட்டு வெளிய வா” என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறார். சில நாள் எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். உன் அம்மாவிடம் போனதுதான் தாங்க முடியவில்லை.

அம்மா மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நம் சேப்பலுக்கு வருவார்கள், தெரியுமா உனக்கு? பூசை முடிந்ததும் பேரவை அறைக்கு வந்து, முந்தானையால் உன் நாற்காலியைத் துடைத்துவிட்டு, எதிர் பெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார்கள். அவர்களிடம் சொல்லாமல் எப்படித் தீர்மானம் கொண்டுவருவது? ஞாயிற்றுக்கிழமை விழிஞ்ஞத்துக்குப் பஸ் ஏறினேன். துறைமுகத்தில் கிரேன்கள் இன்னும் கூடியிருக்கின்றன, உங்கள் வீட்டு முற்றத்திலிருந்தே தெரிகின்றன. அம்மா எனக்குச் சாளைக் கறி வைத்திருந்தார்கள். நான் மீன் தின்னப் பழகியது உன் வீட்டில்தான், அந்தக் குட்டு எங்கள் வீட்டில் இன்னும் உடையவில்லை.

சாப்பிட்டு முடித்துத்தான் சொன்னேன். அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

“அவளுக்க கசேரயயா எடுக்கப் போறிய?”

லிஜியின் கதையைச் சொன்னேன். கேட்டார்கள், முழுவதும் கேட்டார்கள். “பாவம் பிள்ள” என்றுகூடச் சொன்னார்கள். அப்புறம் சொன்னார்கள், “மக்களே, நான் இங்க வீட்ல இருந்தா எனக்க மோளு செத்துட்டா. கல்லறைக்குப் போனாலும் செத்துட்டா. அங்க வந்து அந்தக் கசேரயப் பாத்துட்டு இருந்தா, அவ கிளாஸுக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவாண்ணு இருக்கும். அது ஒண்ணுதான் எனக்கு உண்டு.”

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

“அப்பம் அதுல யாரு இருப்பா? நீயா?” என்று கேட்டார்கள்.

“இல்லம்மா, நான் இருக்க மாட்டேன். வேற யாராவது நிப்பாங்க” என்றேன். பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“நீ செய்யியத செய்யி. எங்கிட்ட சரிண்ணு சொல்லச் சொல்லாத” என்று அடுப்படிக்குப் போய்விட்டார்கள். எப்போதும் பஸ் ஸ்டாப் வரை கூட வருகிறவர்கள், வாசலுக்குக்கூட வரவில்லை.

இன்று கூட்டத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றி, ஜெபம் முடித்து, உன் படத்தைப் பார்க்காமல் தீர்மானத்தை வாசித்தேன். ஒரு மூச்சில் வாசித்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஒரு கையும் எழவில்லை. நர்சிங் வகுப்புப் பிரதிநிதி முதலில் தூக்கினாள், அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்தன. தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனது. ஜோயல் எதிராகத்தான் தூக்கினான். தூக்கிய கையை இறக்கவே மறந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

விதிப்படி, இடம் காலியானால் அதே கூட்டத்தில் எங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். “யார் நிற்கிறது?” என்று ஃபாதர் கேட்டார். நான் நர்சிங் பெண்ணைப் பார்த்தேன், அவள் கீழே பார்த்தாள். ஒவ்வொருவராகப் பார்த்தேன். இறந்துபோனவளின் நாற்காலியில் யார் போய் உட்காருவார்கள்? அதுவும் நாளைக்கே நிர்வாகத்துக்கு எதிரில் போய் உட்கார வேண்டும் என்றால்? ஃபாதர் இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டுவிட்டால் கூட்டம் முடிந்துவிடும். எழுந்து நின்றேன். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. உன் அம்மாவிடம் சொன்ன சொல் அங்கேயே போயிற்று.

துணியை நான்தான் மடித்தேன். படத்தைச் சுவரில் மாட்டினேன், மாணவர்கள் பார்க்கிற உயரத்தில். அப்புறம் உட்கார்ந்தேன். பெருமையும் இல்லை, ஒன்றும் இல்லை. கால் வலித்தது, அவ்வளவுதான்.

உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஊருக்கு நீ ஐப்பசியில் இறந்தாய். உன் அம்மாவுக்கு நாளைக்குத்தான் இறக்கப்போகிறாய், அதைச் செய்தது நான். இதைத் தெரிந்துகொண்டுதான் செய்தேன். உள்ளே போன பிள்ளை தனியாக இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்தேன். என் மேல் கோபமா? கோபமாக இருந்தாலும் பரவாயில்லை.

நாளைக் காலை லிஜியோடு நான் உள்ளே போகிறேன். அவள் போட்ட கையெழுத்து எந்த நிலையில் போட்டது என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்வேன். இன்னொரு தாளை நீட்டினால் அவளைத் தொட விடமாட்டேன். ஜெயிப்பேனா என்று தெரியவில்லை. அது முடிந்ததும் நேரே விழிஞ்ஞம் பஸ். வேறு யாரும் போய்ச் சொல்வதற்கு முன்னால் நானே உன் அம்மாவிடம் சொல்வேன், அம்மா, அதில் இப்போது நான்தான் இருக்கிறேன் என்று. கதவைச் சாத்தினால் முற்றத்தில் இருப்பேன். திறக்கும்வரை இருப்பேன். வெள்ளிக்கிழமை வாருங்கள், காலி நாற்காலியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், வந்து என்னைத் திட்டுங்கள், திட்டுவதற்காவது அங்கே ஒரு ஆள் இருக்கும் என்று சொல்வேன். ஒவ்வொரு முதல் வெள்ளியும் நான் அங்கே இருப்பேன், மக்கா. இது உனக்கு நான் தருகிற வாக்கு.

நீ அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போ. போய்ப் படு.

நாலு மாதமே மூப்பு என்றாலும்
உன் அக்கா,
உமா