மேற்படி கதாநாயகன்

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரியவருக்கு,

நானும் உங்கள் மகளும் சுகம். தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, கூரை ஒழுகவில்லை, கேஸ் இருக்கிறது. நீங்கள் வழக்கமாகக் கேட்கும் மூன்று கேள்விக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் கப்பல் பன்னிரண்டாம் தேதி கரைக்கு வருமாம், கம்பெனி அலுவலகத்தில் விசாரித்தேன். அதற்கு முன்பே இந்தக் கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் இன்ஜின் சத்தத்தில் "என்ன, என்ன" என்று கத்துவீர்கள், நானும் ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவேன். பதினெட்டு வருஷமாக நம் பேச்சு அப்படித்தானே ஓடுகிறது.

திட்டாமல் படியுங்கள். நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். காதல் நாவல். ஆமாம், நானேதான். ஆறு வருஷமாக எழுதுகிறேன். எங்கள் பத்திர எழுத்தர் ஐயா மதியம் சாப்பிடப் போகும் முக்கால் மணி நேரத்தில், அலுவலகக் கணினியிலேயே எழுதினேன். காலையிலிருந்து ஊரார் வீட்டுக் கிரயப் பத்திரத்தையெல்லாம் தட்டச்சு செய்துவிட்டு, மதியம் என் கதாநாயகியிடம் போய் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சே வரும். இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒருவர் திருப்பி அனுப்பினார், இன்னொருவர் அதைக்கூடச் செய்யவில்லை. இதை ஏன் உங்களிடம் மறைத்தேன் என்று கேட்டால், நீங்கள் சிரித்துவிடுவீர்களோ என்று பயம். வேறொன்றும் இல்லை.

போன மாதம் மானம் கப்பலேறிவிட்டது. அச்சு இயந்திரத்திலிருந்து பத்திரமும் என் பன்னிரண்டாம் அத்தியாயமும் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன. நான் அவசரத்தில் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்துவிட்டேன். வாங்குபவர், விற்பவர், சாட்சிகள் என்று எல்லோரையும் உட்காரவைத்து எழுத்தர் ஐயா கணீரென்று படிக்கிறார். கிழக்கே பொதுப்பாதை, மேற்கே கிணறு, வடக்கே காலிமனை என்று வந்தவர், பக்கத்தைத் திருப்பி, "அவன் அவள் விரல்களைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை" என்று அதே குரலில் படித்துவிட்டார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் அதே வரியைப் படித்தார், பாவம். எனக்கு அப்படியே மேஜைக்கடியில் போய்விடலாமா என்றிருந்தது.

அப்போதுதான் வாங்க வந்திருந்த பெண், "சரி, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். விசாரித்தால் அவள் ஒரு பதிப்பகம் நடத்துகிறாள், புத்தகக் கட்டுகளை அடுக்கிவைக்க அந்தச் சின்ன வீட்டை வாங்க வந்திருக்கிறாள். நம்புங்கள், சத்தியம். இதையே கதையில் எழுதினால் அதெப்படி அவ்வளவு சரியாக வந்தாள் என்று சண்டைக்கு வருவார்கள். வயது முப்பதுகூட இருக்காது, ஆனால் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. முழுக் கதையையும் கையோடு வாங்கிக்கொண்டு போனாள். எழுத்தர் ஐயா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் மெதுவாக வந்து, கடைசியில் அந்தப் பையன் அவளைக் கட்டிக்கிறானா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

பத்து நாளில் அவள் கூப்பிட்டனுப்பினாள். போனால் என் தாள் முழுக்கச் சிவப்பு மை. என்னம்மா இது, காதலா கிரயமா என்று கேட்டாள். நான் கவனிக்கவே இல்லை பாருங்கள், முப்பத்தோரு இடத்தில் "மேற்படி கதாநாயகன்" என்று எழுதியிருக்கிறேன். கதாநாயகி தன் மனசைக் கொடுக்கும் இடத்தில், "இன்று முதல் சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்றிருக்கிறது. கை பழக்கத்தில் எழுதியிருக்கிறது, நான் என்ன செய்ய? இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எல்லாவற்றையும் அடித்தவள், ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் அவன் பயந்துபோய், "என்மேல் வில்லங்கம் எதுவும் இல்லைங்க" என்று சொல்வான். இந்த வரிக்காகவே புத்தகம் போடலாம் என்றாள்.

போடுகிறேன் என்றே சொல்லிவிட்டாள்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரில் வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. நம் மகள் அட்டைப்படம் எப்படி இருக்க வேண்டும் என்று இப்போதே வரைந்து தள்ளுகிறாள், அம்மா நீ பெரிய ஆளாயிட்ட, இனிமே துணி துவைக்க மாட்டியா என்று என்னை ஓட்டுகிறாள். உங்கள் தங்கைதான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள். வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு அண்ணிக்குக் காதல் கதை கேட்கிறதா, நாலு பேர் என்ன சொல்லுவாங்க, வேற பேர் வச்சுக்கக் கூடாதா என்றாள். அந்த நாலு பேரும் ஆளுக்கொரு பிரதி வாங்கினால் எனக்குச் சந்தோஷம்தான் என்றேன். புத்தகம் என் பெயரில்தான் வரும். இதில் உங்கள் அனுமதியைக் கேட்கவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். கடைசி அத்தியாயம் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாலு வருஷம் வெளியே வேலை பார்த்துவிட்டு அவன் திரும்பி வருகிறான். வாசலில் நின்று, நிலவே, உயிரே என்று இரண்டு பக்கம் பேசுகிறான். நான் உருகி உருகி எழுதியது அது. அவள் ஒரே கோடாகப் போட்டு அடித்துவிட்டாள். யார் இந்த ஆளு, இவ்வளவு நேரம் கதையில இருந்தவர் எங்க போனாரு, தூரத்திலேருந்து வர்றவங்க இப்படியா பேசுவாங்க என்று கேட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் அவள் கேட்டது சரிதான். மாதக் கடைசிக்குள் திருத்திக் கொடுத்தால் இந்த வருஷமே அச்சுக்குப் போகும். இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா?

ஏழு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பெண் பக்கம் எழுத எனக்குத் தடையே இல்லை. காத்திருப்பதைப் பற்றி என்னைக் கேட்டால் இன்னும் நானூறு பக்கம் எழுதுவேன். வருகிறவன் மனசில் என்ன ஓடும் என்பதுதான் பிடிபடவில்லை. எப்படிப் பிடிபடும்? நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ரேஷன் கார்டு, மகள் படிப்பு, வாசல் கதவின் தாழ்ப்பாள். ஒன்றிலாவது நான் இருக்கிறேனா என்று தேடினேன். "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று இரண்டில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையைச் சொல்வதற்கென்ன.

போன தடவை வந்தீர்களே, பதினான்கு மாதம் கழித்து. காலை வெயிலில் வாசலில் பெட்டியை இறக்கி வைத்தீர்கள். நான் கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வருகிறீர்கள் என்று நானும் அசையாமல் நின்றேன். நீங்கள் நேரே உள்ளே போய்க் குழாயைத் திறந்து, இது ஏன் சொட்டுகிறது என்று கேட்டீர்கள். அன்று முழுக்க நான் உங்களிடம் சிடுசிடுவென்று இருந்தேன். எதற்கென்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு வாசலில் நின்றபோது என்ன சொல்ல வந்தீர்கள்? அதை எழுதி அனுப்புங்கள். அழகாக இருக்க வேண்டாம், எழுத்துப்பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன். ஒரு வரி போதும். கரையில் இறங்கியதும் எழுதிப் போட்டால் இருபத்தைந்தாம் தேதிக்குள் எனக்கு வந்துவிடும். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், நாவலுக்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி