கறுப்பு வேல்

புளி வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைவுதான் வந்தது. டோர்ட்மண்ட் கோயிலில் இன்று திருவிழாத் துப்புரவு. விளக்குகளுக்குப் புளி பூசிக்கொண்டிருந்தோம்.

நீ உடனிருந்த அந்த வருடமும் இப்படித்தான். பித்தளைச் சாமான்களோடு முருகனின் இரும்பு வேலையும் யாரோ புளித்தண்ணீருக்குள் போட்டுவிட்டார்கள். சண்டைக் காலத்தில் மண்ணில் புதைத்து, பிறகு தோண்டியெடுத்து, ஒருவருடைய பெட்டிக்குள் இங்கு வந்த முழ நீள வேல் அது. நீ போட்ட சத்தத்தில் ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"பித்தளைக்குத்தான் புளி. இரும்பை அது தின்னும்!"

அருங்காட்சியகத்தில் பழைய இரும்புகளைப் பேணுவது உன் தொழில். யார் உன்னோடு வாதாடுவது? வேலைக் கழுவிக் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாய். நான் பல் டாக்டரிடம் வேலை செய்வதால், அங்கே கழித்த பல் சுரண்டும் ஊசிகளைக் கொண்டுவந்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் உன் குசினி மேசையில், பூதக்கண்ணாடிக்குக் கீழே, துருவைப் பொட்டுப் பொட்டாக எடுத்தோம். நான் அழுத்திச் சுரண்டினால் கையில் அடிப்பாய்.

"அவசரப்படாதையடி. மேல கிடக்கிற சிவப்புத்தான் கறள். அடியில இருக்கிற கறுப்பு அதின்ரை தோல். அதைத் தொடப்படாது."

கொல்லன் சுத்தியலால் அடித்த தடங்கள் அந்தக் கறுப்பில்தான் இருந்தன. அவற்றின் மேல் மெழுகு பூசிக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்தோம்.

இன்று கோயிலின் புதிய தலைவர் இரும்பு தேய்க்கும் கிரைண்டரோடு வேலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தள்ளுங்கோ அக்கா. வெள்ளி மாதிரி மினுங்கப் பண்ணித் தாறன்."

"ஏலாது."

"இப்பிடிக் கறுப்பாக் கிடந்தா, வாற ஜெர்மன்காரர் என்ன நினைப்பினம்?"

"உங்களையும் என்னையும் பார்த்து என்ன நினைக்கினமோ, அதைத்தான். அதுக்காக நாங்கள் தோலை உரிச்சுப்போட்டே திரியிறம்?"

யாரோ சிரித்தார்கள். அவர் கிரைண்டரை மின்சாரத்தில் கொளுவினார். நான் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வேலைத் துவாயில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கூட்டம் வைத்து என்னை விலக்கப் போகிறாராம். நன்றாக விலக்கட்டும்.

என் வீடிருக்கும் எசன் நகருக்குப் போகும் ரயிலில் இருந்து இதை எழுதுகிறேன். வேல் என் மடியில் கிடக்கிறது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. என்னை அவசரப்படாதே என்று அடித்தவளுக்கு, கண்ணை மூடுவதற்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?

வேலின் கழுத்துப் பக்கத்தில் ஒரு பொட்டுச் சிவப்பு மிஞ்சியிருக்கிறது. ஊசி கைப்பையில்தான் இருக்கிறது. மெதுவாகவே எடுப்பேன். தேரன்று இதை நானே தூக்கி வருவேன், கறுப்பாகவே.