மரத்துக்குக் கட்டிய மெத்தை

என்னங்க,

உங்கள் அண்ணன் வீட்டில் சௌகரியமாகத்தான் இருப்பீர்கள். எனக்கொன்றும் கோபமில்லை.

நான் மேற்பார்வையிடும் கால்வாய் தூர்வாரும் வேலை, பழைய கல் படித்துறை வரை வந்துவிட்டது. ஓரத்து மரத்தின் வேர்தான் அந்தக் கற்களைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மரம் சாய்ந்தால் முந்நூறு வருஷத்துப் படிகளும் தண்ணீருக்குள் போய்விடும். மண் அள்ளும் பொக்லைன் வண்டியின் கை இடித்தாலும் அடிபடாமலிருக்க அடிமரத்தில் சாக்கைச் சுற்றிக் கட்டுவோம். நேற்றுக் காலை சாக்கு போதவில்லை. வீட்டிலிருந்து நம் மெத்தையை எடுத்துவந்து கட்டச் சொன்னேன்.

"மேடம், அப்ப சார் எதுல படுப்பாரு?" என்றார் பொக்லைன் ஓட்டுநர்.

"அவரு ஊர்ல இல்ல. நீங்க வேலையப் பாருங்க."

மதியம் வண்டியின் கை திரும்பிய வேகத்தில் மெத்தையில் மோதியது. பஞ்சு பறந்தது. மரத்தின் பட்டைகூட உரியவில்லை. படியில் ஒரு கல்லும் அசையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இன்று மெத்தைக் கடைக்குப் போனேன். "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்காம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சீக்கிரம் சொல்லுங்கள். தரை ரொம்பக் குளிர்கிறது.

உங்களோடு சண்டை போட்டவள்