அண்ணை என்று எழுதிய பிழை

12 நவம்பர் 1992, வியாழன்

இன்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் அடையாள இலக்கம் கிடைத்துவிடும் என்று நம்பிப் போனேன். "ஒண்டையும் ஒளிக்காதை, பிரச்சினை வராது" என்று குமாரண்ணை காலையிலேயே சொல்லி அனுப்பினார். நான் ஒளிக்கவில்லை. கூட வசிக்கும் உறவினர் யார் என்று கேட்ட இடத்தில் அவர் பெயரை எழுதி, சகோதரன் என்றும் போட்டேன்.

அங்கிருந்த பெண் அவருடைய பழைய கோப்பையும் எடுத்துப் பார்த்தாள். தகப்பன் பெயரும் வேறு, தாய் பெயரும் வேறு. இரண்டு பேரில் யார் பொய் சொன்னது என்று கேட்டாள். பெரியப்பாவின் மகன் எங்களுக்கு அண்ணன்தான் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் விளங்கப்படுத்தினேன். அவள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். இவர் என் சகோதரன் அல்ல, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று என் கையால் எழுதி நாளைக்குக் கொடுக்க வேண்டுமாம். அதுவரை இலக்கம் இல்லை. இலக்கம் இல்லாமல் திங்கட்கிழமை வேலையில் சேரவும் முடியாது. உண்மையை எழுதினதற்கு இந்தத் தண்டனை.

இரவு சோறு போடும்போது அண்ணையிடம் சொன்னேன்.

"இதுக்கேன் யோசிக்கிறாய்? எழுதிக் குடன்."

"உங்களை அண்ணை இல்லையெண்டு எப்பிடி எழுதிறது?"

"நான் வந்த வருசமே எழுதிப்போட்டன். எனக்குச் சகோதரங்கள் ஒருத்தரும் இல்லையெண்டு."

சொல்லிவிட்டு, தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

இப்போது பக்கத்துக் கட்டிலில் நன்றாகக் குறட்டை விடுகிறார். இந்தக் கொப்பியில் இவ்வளவு எழுதிவிட்டேன். அந்தத் தாளில் இன்னும் ஒரு எழுத்தும் விழவில்லை.