ஓடை தாண்டும் மிஷின்

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து சாரல். துவைத்த சட்டை மூன்று நாளாகக் காயவில்லை. பட்டறை முதலாளி அண்ணாச்சி ஐந்தருவிக்குக் குளிக்கக் கூட்டிப் போனார். தலை துவட்டும்போதே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தான்சானியாவுல நம்ம கதிரடிக்கிற மிஷின் வெல போவுமாவே? நாலு வருசம் டிராக்டர் மெக்கானிக்கா அங்கன கெடந்தவரு நீரு. வெள்ளிக்கெழமைக்குள்ள எழுதித் தாரும். போவும்னா நீரே போயி ரெண்டு வருசம் இருந்து பாரும்."

அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டுக்காரி சரசுவுக்கு மங்குஸ்தான் அரைக் கிலோ வாங்கினேன்.

ஜூலை 7, திங்கள்

மழை. பட்டறையில் கரண்ட் இல்லை. அறிக்கை எழுத வசதி.

நெல் விளைகிற ஊர். கையால்தான் அடிக்கிறார்கள். சாலை வசதி உண்டு. நல்ல ஜனம்.

கடைசி வரியை அடித்தேன். அண்ணாச்சிக்கு அது எதற்கு?

அந்தச் செம்மண் ரோடு. சூடான சப்பாத்தி, இஞ்சி டீ. வயல்காரி மாமா நேமாவின் உரத்த குரல். (மாமா என்றால் அங்கே அம்மா. மகள் நேமா பெயரால் அவளுக்கு அந்தப் பெயர். சரசுவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.) போக வேண்டும். அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

சரசு எட்டிப் பார்த்தாள். "விக்கும்னு எழுதுதியளா, போவணும்னு எழுதுதியளா?"

நான் வாங்கிவந்த மங்குஸ்தான் தின்ற வாய்!

ஜூலை 9, புதன்

மாமா நேமாவுக்கு வாட்ஸப்பில் போன். சுவாஹிலி பாதி மறந்துவிட்டது. அங்கே நலம் விசாரிக்காமல் எதுவும் கேட்கக் கூடாது. மழை, பிள்ளைகள், ஆடு, என் முட்டிவலி, எல்லாம் முடியக் கால் மணி நேரம். பக்கத்தில் அண்ணாச்சி, "மிஷினப் பத்திக் கேளும்வே" என்று குதித்தார்.

மிஷின் ஓடுகிற வீடியோ அனுப்பினேன். வைக்கோல் முறியாமல் நீளமாக விழும், அதுதான் எங்கள் பெருமை. இங்கே மாடு வைத்திருப்பவர்கள் நெல்லைப் பார்ப்பதற்கு முன்னால் வைக்கோலைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

அவள் சிரித்தாள். "வைக்கோலை நாங்கள் வயலிலேயே கொளுத்திவிடுவோமே! அது கிடக்கட்டும், இவ்வளவு பெரிய வண்டி ஓடையை எப்படித் தாண்டும்?"

பின்னாலேயே ஒரு போட்டோ. ஓடை மேல் பாலமாக இரண்டு மரத்தடி. ரோடு அதோடு சரி.

அதே மரத்தடிதான். அதன் மேல் ஒரு தண்ணீர் இறைக்கிற இன்ஜினை, அவள் ஒரு முனை நான் ஒரு முனை, தூக்கிக்கொண்டு போனோம். நடுவில் எனக்குக் கால் வழுக்கியது. அவள் பிடியை விடவில்லை. இதைப் போய் மறந்துவிட்டு, சாலை வசதி உண்டு என்று எழுதியிருக்கிறேன். பிரியப்பட்ட ஊருக்கெல்லாம் மனசு தானாக ரோடு போட்டுக்கொள்கிறது.

ஜூலை 11, வெள்ளி

வெயில். சட்டை காய்ந்தது.

"சாலை வசதி உண்டு" என்ற வரியை அடித்துவிட்டேன். எழுதியது: இந்த மிஷின் அங்கே போகாது. இரண்டு பேர் தூக்குகிற மாதிரி சின்னதாகச் செய்தால் போகும்.

அண்ணாச்சி இரண்டு தடவை படித்தார்.

"சரிதாம்வே. சின்னதாவே செஞ்சிருவோம். ஆனா ஓடையில தூக்கிட்டு நடக்க எளவட்டம்லா வேணும்? ஒம்ம முட்டி தாங்காது. நீரு இங்கன இருந்து செஞ்சு குடும், போதும்."

சரி என்றேன்.

மத்தியானம் வெல்டர் மாரி கேட்டான். "எம்புட்டு கனம் வரலாம்ணே?"

கணக்காகச் சொல்லத் தெரியவில்லை. மூலையில் ஒரு பழைய தண்ணீர் இன்ஜின் கிடந்தது. ஒரு முனையை அவனைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை நான் தூக்கினேன்.

"இம்புட்டுதாம்லே."

முட்டி விண்ணென்றது. கீழே வைக்க மனசு வரவில்லை.