இரண்டேகால் மணிக்காரன்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பழைய பேருந்து ஒன்றை அறுத்தோம். கூரை எனக்கு, அடிப்பாகம் மச்சானுக்கு. பன்னிரண்டு மணிக்குள் கூரையைத் தரையில் இறக்கிவிட்டேன். கை இன்னும் ஆடவில்லை என்பதில் ஒரு சந்தோஷம்.

இரண்டு மணிக்கு மச்சான் வந்து என் கையிலிருந்த கட்டிங் டார்ச்சை வாங்கினார். வால்வை மூடி, பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஆறு மாதமாக இப்படித்தான். "ரெண்டு மணிக்கு மேல உன் கையில நெருப்பு கிடையாது." இந்தப் பழைய இரும்பு யார்டுக்கு அவர்தான் மேஸ்திரி. என் மனைவிக்கு அண்ணன் வேறு. நான் எதைப் பேச?

இரண்டேகாலுக்கு வந்துவிட்டான். இடது கண்ணுக்குப் பின்னால், அதே இடம், அதே வலி. டயர் அடுக்குக்குப் பின்புறம் ஓடிப்போய் ஒரு லாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டே இருந்தேன். மூன்றரைக்குப் போனான். கதவு நசுங்கிப் போயிருந்தது. மச்சான் அதையும் எடைக்குப் போட்டார்.

யார்டில் இப்போது எனக்கே 'ரெண்டேகால்' என்றுதான் பெயர்.

மார்ச் 4, புதன்

அதே.

மார்ச் 9, திங்கள்

ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு நாள்கூட லீவு போடாத வேலைக்காரன் இவன் ஒருத்தன்தான்.

கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். மூக்கு டாக்டர் எலும்பு வளைந்திருக்கிறது என்று அறுத்தார். பல் டாக்டர் இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பெரிய டாக்டர் ஒருவர், ஒற்றைத் தலைவலி, இருட்டறையில் அசையாமல் படு என்றார். படுக்கிறதா? அவன் வந்தால் கட்டிலைத் தூக்கிச் சுவரில் அடிக்கத் தோன்றுகிறது, இதில் எங்கே படுக்கிறது! போன வாரம் பார்த்த டாக்டர், என் மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். "இருக்கு சார், என் தலை" என்றேன். தூக்க மாத்திரை எழுதினார்.

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஒரு டாக்டருக்காவது வரட்டும். ஒரே ஒரு நாள். இரண்டேகாலிலிருந்து மூன்றரை வரைக்கும்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். இன்று வீட்டுக்காரர் மாடிக் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். வேறு வழியில்லாமல் குளியலறைக்குள் போனேன். தாழ்ப்பாள் போடவில்லை. ஏன் போடவில்லை? அதற்குள் அவன் வந்துவிட்டான்.

மகள் வந்தாள். ஒன்பது வயது, வீட்டில் வாலு என்போம். துணியில் ஐஸ் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். "அப்பா, ஐஸ்" என்று முதுகைத் தொட்டாள்.

திரும்பிக் கையை வீசினேன். யார் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால்? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. கதவு நிலையில் போய் விழுந்தாள். வலது மணிக்கட்டில் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. எழுதுடா. எழுது. அவள் விழுந்து கிடக்கிறாள், நான் நிற்கவில்லை. நிற்க முடியவில்லை. அவளைத் தாண்டிக் கூடத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி தாண்டினேன். நாலு தடவையோ அஞ்சு தடவையோ. மனைவி ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகும்வரை தாண்டிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 16, திங்கள்

மணிக்கட்டு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. மனைவியும் வாலுவும் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வாசலில் நின்று மனைவி சொன்னாள்: "அவள அடிச்சது கூட எனக்குப் புரியுதுங்க. தாண்டித் தாண்டிப் போனீங்க பாருங்க, அத என்னால பார்க்க முடியல." காலில் விழுகிறேன் என்றேன். "மன்னிப்ப வச்சு நான் என்ன பண்றது? என்ன நோய்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் அவ இந்த வீட்டுக்கு வர மாட்டா."

மச்சான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இன்று காலை யார்டில் டார்ச்சே தரவில்லை. செம்புக் கம்பி பிரிக்கிற இடத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஞாயிறன்று வீட்டில் உடைத்தது: கண்ணாடி, ஒரு நாற்காலி, இரண்டு ஜன்னல் கதவு. கீழ்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

டார்ச் நுனியை இடது கண்ணுக்கு நேராக வைத்தால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும் என்று இன்று நினைத்தேன். அவனோடு சேர்ந்து நானும் போவேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. பயந்துவிட்டேன். மச்சானிடமே போய்ச் சொன்னேன். பெட்டிச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வேலை முடியும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து கம்பி பிரித்தார்.

மார்ச் 26, வியாழன்

மூன்றாவது பல்லையும் பிடுங்கிவிடலாம் என்று போனேன். பழைய பல் டாக்டர் ஊரில் இல்லை. புதிதாக வந்திருக்கும் பெண் டாக்டர் ஒருத்தி இருந்தாள். முன்னால் காத்திருந்த கூட்டத்தில் மணி இரண்டாகிவிட்டது.

"நல்ல பல்லு. பிடுங்க மாட்டேன்."

"நீ பிடுங்கறியா, நான் குறடு வச்சுப் பிடுங்கிக்கவா?"

"உங்க குறடு, உங்க வாய். என் நாற்காலில நடக்காது" என்றாள். சின்னப் பெண், என்ன திமிர்! இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் அவன் வந்துவிட்டான்.

நாற்காலியிலிருந்து பாய்ந்ததில் தட்டு பறந்து ஊசியெல்லாம் சிதறியது. சுவரில் மோதினேன். கத்தினேன். வெளியே இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அவள் ஓடவில்லை. கதவோரம் நின்று கைக்கடிகாரத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்றேகால் மணி நேரம்.

முடிந்ததும் தண்ணீர் கொடுத்தாள். "இடது கண்ணு மட்டும் அழுவுது. இடது மூக்கு மட்டும் ஒழுகுது. இமை தொங்கிப் போச்சு. ஒரு நிமிஷம் உக்காரல. இது பல்லு இல்லைங்க. இதுவரைக்கும் எத்தனை டாக்டர் உங்களுக்கு வலி வந்தப்ப பார்த்திருக்காங்க?"

யோசித்தேன். ஒருத்தரும் இல்லை.

இரண்டேகாலுக்கு வெளியிடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நான் எப்போதும் காலை டோக்கன்தான் வாங்குவேன். பத்து மணிக்கு எருமை மாதிரி திடமாகப் போய் உட்கார்ந்து "வலிக்குது சார்" என்றால் எவன் நம்புவான்? ஒன்றரை வருடம் நானே அவனை ஒளித்து வைத்திருக்கிறேன். முட்டாள். அடி முட்டாள்.

ஊசிகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். மன்னிச்சுக்கம்மா என்றேன். நரம்பு டாக்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதி, "மதிய டோக்கன் வாங்குங்க" என்றாள்.

ஏப்ரல் 2, வியாழன்

மதிய டோக்கன் கிடைக்கவில்லை, பல் டாக்டர் சீட்டை நம்பிக் காலையில்தான் போனேன். நரம்பு டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். சிரிக்கவே மாட்டார் போலிருக்கிறது. பல் டாக்டர் எழுதியதை இரண்டு முறை படித்தார். ஒரே கேள்வி: "வலி வந்தா படுப்பீங்களா, நடப்பீங்களா?"

"நடப்பேன் மேடம். சுவத்துல முட்டுவேன். போன மாசம்—" சொல்ல ஆரம்பித்தவன் வாலு கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். ஒன்றரை வருடத்தில் ஒரு டாக்டர் பேனாவை மூடி வைத்ததை இன்றுதான் பார்த்தேன்.

கிளஸ்டர் தலைவலியாம். கொத்துத் தலைவலி என்றும் சொல்வார்களாம். விட்டுவிட்டு வருவது ஒரு ரகம், எனக்கு இருப்பது விடாமல் வரும் நாள்பட்ட ரகம். பெயர் இருக்கிறது! எனக்கு மட்டும் வந்த நோயில்லை, பைத்தியமும் இல்லை. அந்த மேஜை முன்னால் குழந்தை மாதிரி அழுதேன், இரண்டு கண்ணாலும்.

தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், வேறு கோளாறு இல்லை. தினம் போட மாத்திரை கொடுத்திருக்கிறார். இதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்த்துத்தான் அளவை ஏற்றுவாராம், வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகுமாம். வலி வரும்போது அடக்க ஆக்சிஜன்.

சிரித்துவிட்டேன். "மேடம், நான் நாள் பூரா ஆக்சிஜன வச்சுத்தான் இரும்பு அறுக்கறேன்."

"யார்டு சிலிண்டர்ல வாய வச்சீங்கன்னா இந்தப் பக்கமே வராதீங்க. அது வேற, இது வேற" என்றார்.

மச்சானிடம் சொன்னேன். பதினேழு நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று. "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கியேடா."

ஏப்ரல் 4, சனி

சிலிண்டர் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் மூக்குக் குழாயை மாட்டி, அளவு காட்டும் முள்ளைத் திருகி வைத்துவிட்டு, "தொடாதீங்க, எல்லாம் செட் பண்ணிட்டேன்" என்று போனார். அறை மூலையில், அடுப்படியிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கையோடு பக்கத்திலேயே போவதில்லை. இதில் மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இனி தினமும் மதியமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார் மச்சான். இரண்டேகாலுக்குக் குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. முதல் நாள்தானே.

ஏப்ரல் 9, வியாழன்

ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது நாள். பேனாவை மூடி வைத்தாலும் டாக்டர் டாக்டர்தான். எல்லாம் ஏமாத்து.

ஏப்ரல் 13, திங்கள்

இன்று சிலிண்டரை எட்டி உதைத்தேன். சாய்ந்து சுவரில் நின்றது. யார்டில் எவனாவது சிலிண்டரை உதைத்தால் அன்றே சீட்டுக் கிழித்து அனுப்பிவிடுவோம். இரண்டேகால் மணிக்காரன் போகும்வரை பொறுத்து, நாலு மணிக்கு அதை நிமிர்த்தி, அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று வேலைக்காரன் கண்ணால் முதல் முறையாகப் பார்த்தேன்.

முள் இரண்டில் நிற்கிறது. நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர்.

டாக்டர் சீட்டை எடுத்தேன். பன்னிரண்டிலிருந்து பதினைந்து லிட்டர், பை வைத்த முகமூடி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. நான் படிக்கவே இல்லை! யார்டில் முள் ஒரு நூல் பிசகினால் ஊரைக் கூட்டுகிறவன், மருந்து என்று பெயர் வைத்து வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

சிலிண்டர்காரருக்குப் போன் போட்டேன். "எல்லாருக்கும் ரெண்டுதான் சார் வைப்போம். மூச்சுத்திணறல்காரங்களுக்கு அதுக்கு மேல வச்சா ஆபத்து."

"எனக்கு மூச்சு நல்லாத்தான்யா வருது! தலைதான்யா வெடிக்குது!"

பிறகு டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் அந்த ஆளிடம் என்ன பேசினாரோ தெரியவில்லை. இருட்டுவதற்குள் புது முள்ளும் முகமூடியும் வந்துவிட்டன.

ஏப்ரல் 14, செவ்வாய்

2.15. வந்தான்.
பதினைந்து லிட்டர். நிமிர்ந்து உட்கார்ந்து இழுத்தேன்.
2.27. போய்விட்டான்.

நம்பாமல் மூன்றரை வரை சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மச்சானை வரச் சொன்னேன். இரண்டு மணிக்கு வந்து, எதிர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவன் வந்தான், முகமூடிக்குள் உறுமினேன், தொடையில் குத்திக்கொண்டேன். பதின்மூன்று நிமிஷம். மச்சான் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், நின்றுபோச்சோ என்று.

எழுந்து போகும்போது, "நான் பார்த்தத தங்கச்சிகிட்ட சொல்றேன். வர்றதும் வராததும் அவ இஷ்டம்" என்றார். கழுத்தில் சாவி அப்படியேதான் இருந்தது.

மே 3, ஞாயிறு

மாத்திரை அளவை இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. இந்த வாரம் மூன்று நாள்தான் வந்தான்.

மனைவியும் வாலுவும் வந்திருக்கிறார்கள். "பார்க்கலாம்னுதான் வந்திருக்கோம்" என்று மனைவி முதலிலேயே சொல்லிவிட்டாள். பையைப் பிரிக்கவில்லை. கட்டு எடுத்த கை மெலிந்து, வெளுத்து இருக்கிறது. நான் எழுந்தால் வாலு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுகிறாள். அதனால் நான் எழுந்திருப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

மே 10, ஞாயிறு

நாலு நாளாக ஆளைக் காணோம். இன்று வந்தான்.

மூன்று பேரும் கூடத்தில் இருந்தோம். வாலு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என் இடது கண்ணில் நீர் கட்டியதை எனக்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். நோட்டை எடுத்துக்கொண்டு, அம்மா கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் விழுந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை. மச்சான் வீட்டில் பழகிப் பார்த்திருப்பார்கள்.

நான் அறைக்குள் போனேன். முகமூடி, பதினைந்து லிட்டர். பல்லைக் கடித்து இழுத்தேன். பதினோரு நிமிஷம். வால்வை மூடிவிட்டு வந்து சமையலறைக் கதவுக்கு முன்னால் நின்றேன்.

"முடிஞ்சிடுச்சு."

"பதினோரு நிமிஷம்தான் ஆவுது" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "போய் உக்காருங்க. முழுசா போனப்புறம் வாங்க."

"போயிட்டான்னு சொல்றேன்ல!"

குரல் உயர்ந்துவிட்டது. எனக்கே கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவர்கள் திறக்காவிட்டால் என்மேல்தான் தப்பு என்று தோன்றியது. வருத்தமாக இருந்தது, ஆனால் கோபம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வாலு குரல், கதவுக்கு அடியிலிருந்து. அவளும் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்பா, பதினேழு பெருக்கல் ஆறு எவ்வளவு?"

"என்னடா இது, இப்பப் போய்?"

"வலி இருந்தா உங்களால சொல்ல முடியாதுல்ல."

"வலி இல்லாட்டியும் எனக்கு வாய்ப்பாடு வராதேடா."

"அது நிஜம்தான்" என்றாள் மனைவி, மெதுவாக.

விரலை விட்டு எண்ணினேன். ஆறு பத்து அறுபது. ஆறேழு நாற்பத்திரண்டு. வாழ்க்கையில் எந்தக் கணக்குக்கும் இப்படிப் பயந்ததில்லை.

"நூத்தி ரெண்டு."

உள்ளே பென்சில் உரசும் சத்தம். போட்டுப் பார்க்கிறாள். நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

தாழ்ப்பாள் திறந்தது. மனைவி முதலில் வந்து என் இடது கண்ணைப் பார்த்தாள். பின்னாலேயே வாலு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நோட்டை என் மடியில் வைத்தாள். இன்னும் ஆறு கணக்கு மிச்சம் இருந்தது.