தங்கை இங்கிருந்தால் இலாபம்

வெள்ளிக்கிழமை இரவு, வெள்ளவத்தை, கொழும்பு

அம்பலத்தில் ஆடும் ஐயனே, இதை எழுதும் கைக்கு நிதானம் தந்தருள்.

விடுமுறைக்கு வந்திருந்த மகன் ரமணன் இன்று இலண்டன் திரும்பினான். அவனும் தங்கை மைதிலியும் ஒரே நிறுவனத்தில் ஒரே கணக்கு வேலையைப் பார்ப்பவர்கள். அவன் அங்கே, அவள் இந்த வீட்டின் அறையொன்றில் கணினியின் முன்னே, அவனிலும் மிகக் குறைந்த சம்பளத்துக்கு. இலண்டனில் ஓரிடம் காலியாகியிருப்பதால் தன்னை அங்கே எடுக்கும்படி, மதியச் சோறு பரிமாறிக்கொண்டே அவனிடம் கேட்டாள்.

"உன்ரை வேலை திறம்தான். ஆனா இஞ்ச இருந்தாத்தான் நீ கொம்பனிக்கு லாபம். அங்க வந்தா நீயும் என்னைப்போல ஒரு செலவு."

"உலகம் ஒண்டாகிட்டுது எண்டு நீங்கள்தானே அண்ணா சொல்லுவீங்கள்?"

"ஓம். அதாலதான் வேலை இஞ்ச வந்தது. பிறகு ஆள் ஏன் அங்க வரோணும்?" என்று சிரித்தான்.

"அந்த இடத்துக்கு ஆளை எடுக்கிறது ஆர்?"

"நான்தான்," என்றான். "ரசம் கொஞ்சம் விடு."

விட்டாள். நாடுகளுக்கிடையே வாய்ப்புச் சமமாகிவிட்டதென்று கோயில் மண்டபத்தில் நானும் பேசியதுண்டு. என் வீட்டு மேசையிலேயே அது சமமாகவில்லை.

புறப்படுமுன் வழக்கம்போல் திருநீற்றுக்காக என்முன் குனிந்தான். பூசினேன். எப்போதும் சொல்லும் வாழ்த்து நாவில் எழவில்லை. அவன் அதைக் கவனிக்கவுமில்லை. விமான நிலையத்திலிருந்தே தங்கைக்கு வேலை அனுப்பிவிட்டான். அடுத்த அறையில் அவள் இன்னும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

இறைவா, இதை வாசிக்க நேர்பவரின் மனையும் மக்களும் தழைக்கட்டும். ஒரு வயிற்றில் பிறந்தோரை இருவேறு விலைக்கு மதிக்கும் நாள் அவர்கள் இல்லத்துக்கு வாராதிருக்கட்டும்.